ஆயாவைக் குளிக்க வைப்பது எப்படி

மறதி நோய் வந்தவரை எந்த நேரத்தில் குளிப்பாட்டுவது? நமக்கு எப்போது கை ஒழிகிறது என்று பார்த்தால் சண்டைதான் மிஞ்சும். அவர் காலமெல்லாம் எப்போது குளித்தார் என்று பாருங்கள். எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியுமுன் ஏலத்துக்குப் போவார், மதியம் கூடையை இறக்கிய பிறகுதான் குளியல். இப்போதும் காலையில் கூப்பிட்டால் கையை உதறிவிடுகிறார். மதியம், "ஆயா, கவுச்சி வாடை போக ரெண்டு சொம்பு ஊத்திக்கினு வா, சாப்பிடலாம்" என்றால் தானே எழுந்து வருகிறார். வியாபாரத்தை விட்டுப் பல வருஷம் ஆயிற்றே என்று திருத்தத் தேவையில்லை.

கூப்பிடுவதற்கு முன்பே வெந்நீரை விளாவி, துண்டு, மாற்றுத்துணி எல்லாம் கைக்கெட்ட வைத்துவிடுங்கள். நடுவில் எதையாவது எடுக்கப் போனால் அவர் ஈரக்காலோடு எழுந்துவிடுவார். ஸ்டூல் சாயும், கைப்பிடி வைத்த நாற்காலி நல்லது. பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் பாத்ரூமில் இரண்டு பேர் நிற்க இடமில்லை, அதனால் நான் வாசற்படியில் உட்கார்ந்தே ஊற்றுகிறேன்.

எடுத்ததும் தலையில் ஊற்றாதீர்கள், மிரண்டுபோவார்கள். முதலில் அவர் கையைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுங்கள். பிறகு பாதம், முழங்கால் என்று மேலே வாருங்கள், தலை கடைசியில். தோளில் ஒரு பழைய காட்டன் புடவையைப் போர்த்தி அதன் மேலேயே ஊற்றலாம். வயசானவர்களுக்கும் கூச்சம் உண்டு, அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும். சொம்பை அவர் கையில் கொடுங்கள். ஆயா நான்கு சொம்பில் ஒன்றைத் தரையில்தான் ஊற்றுவார். ஊற்றட்டும்.

மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், கால்விரல் நடுவில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். நம் ஊர் வேர்வைக்கு அங்கேதான் புண் வரும். சர்க்கரை இருந்தால் பாதத்தையும் தினம் பாருங்கள். முரண்டு பிடிக்கும் நாளில் முகம், அக்குள், அடிப்பகுதி, கால் மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். நைட்டியோ புடவையோ, போடும் வரிசையில் ஒவ்வொன்றாக நீட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவராக வாய்திறந்து கேட்கமாட்டார். நேற்றுவரை இருந்ததைவிடத் திடீரென்று குழப்பம் கூடினாலோ, சிறுநீர் போகும்போது முகம் சுளித்தாலோ நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.