டச்பேட் போன லேப்டாப்பில் ஐ3: கீபோர்டிலேயே கர்சரை ஓட்டுவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. டச்பேட் போயிருந்தாலும் டெபியன் என்ற லினக்ஸும், விண்டோக்களைக் கீபோர்டிலேயே கையாள விடும் ஐ3 (i3) என்ற விண்டோ மேலாளரும் போட்டால் வேலைக்கு ஆகும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மாதிரி ஐ3 விண்டோக்களை இடைவெளி விடாமல் அடுக்கிவிடுவதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மவுஸ் வேண்டாம். சிக்கல் விண்டோவுக்கு உள்ளேதான். கண்டாங்கிச் சேலைக்குப் பில் போடும் இணையப் பக்கத்தில், டேப் விசைக்கு அகப்படாத ஒரு பட்டன் போதும், வேலை நின்றுவிடும்.

பலரும் முதலில் கர்சரை 20 பிக்சல், 20 பிக்சலாக நகர்த்தப் பார்ப்பார்கள். 1366 பிக்சல் அகலத் திரையை அப்படிக் கடக்க 68 முறைக்கு மேல் தட்ட வேண்டும். திரையைப் பாதி பாதியாக வெட்டுகிற கீநேவ் (keynav) என்ற நிரல்தான் இதற்குச் சரி. டெபியனின் ஆப்ட் (apt) கட்டளை வழியாகக் கீநேவையும், கட்டளையால் கர்சரை நகர்த்தும் எக்ஸ்டூடூலையும் (xdotool) நிறுவி, ஐ3யின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில், தொடக்கத்தில் நிரலை ஓட்டும் ஓர் எக்ஸெக் (exec) வரியில் கீநேவைச் சேர்த்துவிடுங்கள்.

கன்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையை அழுத்தினால் திரையில் கட்டம் வரும். எச் இடப்பாதி, எல் வலப்பாதி, கே மேல்பாதி, ஜே கீழ்பாதி. 1366×768 திரையில் குறுக்கே 5 வெட்டு, நெடுக்கே 4 வெட்டு போனால் கட்டம் ஏறக்குறைய 42×48 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பெரிய பட்டனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கட்டத்தின் நடுப்புள்ளி அதன்மேல் விழுந்தால் போதும். ஸ்பேஸ் தட்டினால் கிளிக் ஆகிக் கட்டம் மூடும். தவறாக வெட்டிவிட்டால் ஏ, ஒரு படி பின்னால் கொண்டுபோகும். வலது கிளிக்குக்கு டபிள்யூ, 3, எஸ்கேப் என்ற வரிசை. விண்டோக்கள் திரையைப் பங்கு போட்டிருக்கும்போது முதலில் டி (t) தட்டுங்கள்: நடப்பு விண்டோ மட்டுமே கட்டமாகும், ஒன்றிரண்டு வெட்டு மிச்சம். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எஃப்சிஐடிஎக்ஸ் (fcitx) என்ற தட்டச்சு நிரலில் தமிழ் தட்டுபவர்கள் கவனிக்க: அதன் கிளிப்போர்டு வரலாறும் இதே கன்ட்ரோல், அரைப்புள்ளி விசைக்கூட்டில்தான் திறக்கும். அதை அங்கே மாற்றிவிடுங்கள்.

நாலைந்து பிக்சல் தள்ள மட்டும் ஐ3யில் தனி மோட் (விசைகளுக்குத் தற்காலிகமாக வேறு வேலை தரும் நிலை) ஒன்று வைத்துக்கொள்ளலாம். விசையை எழுத்தால் குறிக்கும் பைண்ட்சிம்முக்குப் (bindsym) பதில், எண்ணால் குறிக்கும் பைண்ட்கோட் (bindcode) போடுங்கள். தமிழ் லேஅவுட்டுக்கு மாறினாலும் விசை எண் மாறாது. எச், ஜே, கே, எல் முறையே 43, 44, 45, 46. ஸ்பேஸ் 65, எஸ்கேப் 9. எக்ஸ்டூடூலின் மவுஸ்மூவ்_ரிலேடிவ் கட்டளையில் எண்களுக்கு முன் இரட்டைச் சிறுகோடு இடாவிட்டால், மைனஸ் 5ஐ அது ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டு பிழை காட்டும். கிளிக் வரியில் ரிலீஸ் ஆப்ஷன் அவசியம்: விசை அழுந்தியிருக்கும்வரை கீபோர்டு ஐ3யின் பிடியில் இருப்பதால், கிளிக் பல சமயம் போய்ச் சேராது. ஃபோகஸ்_ஃபாலோஸ்_மவுஸ் அமைப்பை நோ என்று வையுங்கள். இல்லையென்றால் கர்சர் பக்கத்து விண்டோவைத் தொட்டதுமே, தட்டுகிற எழுத்தெல்லாம் அங்கே போய் விழும்.

கீநேவ், எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்புக்கு எழுதப்பட்டது. புதிய திரை அமைப்பான வேலேண்டில் ஓடும், ஐ3 போன்ற ஸ்வேயில் (sway) எடுபடாது. அங்கே ஸ்வேயின் சொந்த சீட் (seat) கட்டளையிலேயே கர்சர் மூவ், கர்சர் பிரஸ், கர்சர் ரிலீஸ் மூன்றும் உண்டு. பைண்ட்சிம்மில் டு-கோட் (--to-code) ஆப்ஷன் சேர்த்தால் லேஅவுட் தொல்லையும் தீரும், ஆங்கிலத்தை முதல் லேஅவுட்டாக வைத்திருந்தால். கிளிக்குக்குப் பிரஸ், ரிலீஸ் இரண்டையும் எழுதுங்கள். பிரஸ் மட்டும் போட்டால் பட்டன் பிடித்தபடியே நின்று, அடுத்த நகர்வு இழுவையாகிவிடும்.