பெரியப்பா லேப்டாப்: குற்றவாளி டிஸ்க்தான்

பெரியப்பாவுக்காக சென்னை ரிச்சி தெருவில் பதினாலாயிரத்துக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். ஆன் செய்துவிட்டுக் காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் டெஸ்க்டாப் வரும். ஆன்டிவைரஸை நீக்கினேன், விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன், ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன், மூன்று நாள் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்: சிபியு 6 சதவீதம், டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறது. உள்ளே 5400 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் மெதுவான ஹார்டு டிஸ்க். "1 டிபி சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னது இதைத்தான். கழற்றிவிட்டு சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டினேன், ஆன் செய்த இருபது விநாடியில் டெஸ்க்டாப் தயார். அப்பாடா. மலிவான புது லேப்டாப் சிலவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், இப்படிக் கழற்றி மாற்ற வழியே இல்லை, வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார் பெரியப்பா, ஸ்கேலிங்கை 150 சதவீதமாக்கிக் கொடுத்தேன்.