ஆம்ப் வாங்கும் முன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

முதல் ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "ஸ்பீக்கர் என்ன வைத்திருக்கிறீர்கள்?" இதற்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதுதான் உங்களுக்கு நல்ல ஆம்ப். நானும் அப்படிப் போய் ஏமாந்தவன்தான். அந்தக் கதை பின்னால் வரும்.

முதல் படி: ஸ்பீக்கரில் இரண்டு எண்களைத் தேடுங்கள்

ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். அதில் 8 ஓம்ஸ், 6 ஓம்ஸ், 4 ஓம்ஸ் என்று ஏதாவது போட்டிருக்கும். இதுதான் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. ஓம்ஸ் குறையக் குறைய ஸ்பீக்கர் ஆம்பிடமிருந்து அதிக கரண்டை இழுக்கும். "குறைந்தது 8 ஓம்ஸ்" என்று போட்டிருக்கும் ஆம்பில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பாடும், அப்புறம் சூடேறிப் படுத்துவிடும். ஒரே சேனலில் (இடது அல்லது வலது பக்கத்தில்) இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பேரலலாக, அதாவது சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்பும் சேர்த்து மாட்டினாலும் ஆம்புக்கு அது 4 ஓம்ஸ்தான்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. 87 டெசிபல், 90 டெசிபல் என்று இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் இது. லேபிளில் இல்லையென்றால் கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஆம்ப் தேர்வில் பாதி வேலை இந்த எண்ணோடு முடிந்துவிடும்.

இரண்டாம் படி: உங்களுக்கு எவ்வளவு வாட்ஸ் வேண்டும்?

கணக்கு கஷ்டமில்லை. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். அவ்வளவுதான். 50 வாட்ஸ் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட்ஸ் வாங்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். "கொஞ்சம் கூடியிருக்கு போல" என்று தோன்றும் அளவுதான்.

12க்கு 14 அடி ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இரண்டரை மீட்டர் தள்ளி சோபா. இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் சத்தம் கூடும், தூரத்தால் குறையும். உத்தேசமாக 3 டெசிபல் கழித்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு வாட் கொடுக்கும்போது சோபாவில் 84 டெசிபல். சாதாரணமாக நாம் பாட்டுக் கேட்பதே இதற்குக் கீழேதான். ஆம், ஒரு வாட் கூட முழுதாகச் செலவாகாது!

அப்படியென்றால் மீதி வாட்ஸ் எதற்கு? தவில் அடி, டிரம் அடி போன்றவை சராசரி சத்தத்தைவிட 15, 20 டெசிபல் மேலே துள்ளும். 80 டெசிபலில் கேட்டால் அந்தத் துள்ளல் 100 வரை போகும். 84இலிருந்து 100க்கு 16 டெசிபல், அதாவது 40 மடங்கு. ஆக சேனலுக்கு 40 வாட்ஸ், கடையில் 50 என்று பார்த்து வாங்கலாம். இதே ஹாலில் 92 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் 13 வாட்ஸ் போதும். 84 டெசிபல் சின்னப் பெட்டி என்றால் 80 வாட்ஸ் கேட்கும்.

மூன்றாம் படி: எந்த வாட்ஸ் என்று கேளுங்கள்

ஆம்ப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பிஎம்பிஓ' (PMPO, ஒரு கண நேர உச்சம் என்று சொல்லப்படும்) வாட்ஸைக் கண்டுகொள்ளாதீர்கள். அதை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ் (RMS) வாட்ஸ்தான், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்தான் பேச்சு. அதுவும் எத்தனை ஓம்ஸில், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ் புளுகு புதிதல்ல. அமெரிக்காவில் இது எல்லை மீறிப் போய், 1974இல் அரசே ஆம்ப் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி போட்டது.

என் கதைக்கு வருகிறேன். "1000 வாட்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய அசெம்பிள் செட் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். வால்யூம் பாதியைத் தாண்டினாலே கரகரவென்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு வயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவது), 5 ஆம்பியர். 12 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் 17 வோல்ட் சுற்றி வரும். அதை வைத்துக்கொண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் சேனலுக்கு 15 வாட்ஸ் தாண்டுவதே சிரமம்.

ஆன்லைனில் கிடைக்கும் குட்டி கிளாஸ் டி (ஆம்ப் சர்க்யூட்டில் ஒரு வகை) போர்டுகளிலும் இதே கதைதான். இவற்றில் பலவற்றில் இருக்கும் டிபிஏ3116 (TPA3116) சிப் நல்ல சரக்கு. ஆனால் அதன் 50 வாட்ஸ் என்பது 21 வோல்ட், 4 ஓம்ஸ், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரை மாட்டி 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை ஓட்டினால் 9 வாட்ஸ்தான் வரும். போர்டு வாங்கும் காசோடு நல்ல 24 வோல்ட் அடாப்டருக்கும் காசு ஒதுக்குங்கள்.

கிளாஸ் ஏபி என்ற இன்னொரு வகையா, கிளாஸ் டியா என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏபி சூடாகும், கனமாக இருக்கும். டி சின்னதாக, குளிர்ச்சியாக இருக்கும். இரண்டிலும் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு.

நான்காம் படி: எதிலிருந்து பாட்டு வரும்?

சத்தத்தைப் பெருக்குவதை மட்டும் செய்யும் தனி பவர் ஆம்பில் பல நேரம் வால்யூம் திருகே இருக்காது. செல்போனோ டிவியோ நேராக மாட்டுவதாக இருந்தால், வால்யூம் திருகும் இன்புட் தேர்வும் சேர்ந்தே வரும் இன்டிகிரேட்டட் ஆம்ப் வாங்குவதே நிம்மதி. இசைத்தட்டு ஓட்டுபவர்கள் 'போனோ' (Phono) இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டின் முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், சாதாரண இன்புட்டில் அது முனகத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: சோதித்து வாங்குங்கள்

ஸ்பீக்கரை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் ஆன் செய்து ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) பக்கம் காதை வையுங்கள். லேசான 'ஸ்ஸ்' பரவாயில்லை. 'ங்ங்ம்ம்' என்று ஹம் வந்தால் வேறு பீஸ் கேளுங்கள். அப்புறம் அரை மணி நேரம் பாட வைத்து ஆம்பின் மேல்மூடி எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள்.

பழைய செட்டோ அசெம்பிள் செட்டோ வாங்கினால் கையில் மல்டிமீட்டர் இருக்கட்டும். ஸ்பீக்கரை மாட்டும் முன், பாட்டு இல்லாமல், ஒரு சேனலின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை அதில் மாட்டவே மாட்டாதீர்கள், ஊஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரின்) காயில் கருகிவிடும். கிளாஸ் டி போர்டுகளில் இரண்டு சேனலின் கறுப்பு வயர்களையும் ஒன்றாக முறுக்கவும் கூடாது. பெரும்பாலான போர்டுகளில் அந்தக் கறுப்பு எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது.