புள்ளைங்க பாதுகாப்பு விஷயமா எம்பிய பாக்கப் போறீங்களா? இத படிச்சிட்டு போங்க

சிங்கப்பூர்ல ஸ்கூல் பேரன்ட்ஸ் வாட்சப் குரூப்புல தினமும் ஏதாவது ஒரு புலம்பல் ஓடிக்கிட்டே இருக்கும். கேட் முன்னாடி கார நிறுத்திடறாங்க, பாலர் பள்ளி நடைபாதையில சைக்கிள், இ-ஸ்கூட்டர்ல சீறிக்கிட்டு வர்றாங்க, டாக்சியில சைல்டு சீட் இல்ல, இப்படி. பத்து பேர் கோவ மூஞ்சி இமோஜி போடுவாங்க, அப்புறம் பேச்சு டியூஷன் பக்கம் போயிடும். கோவம் நியாயமானதுதான், அத எந்த வாசல்ல கொண்டுபோய் கொடுக்கணும்னுதான் நெறைய பேருக்குத் தெரியல.

மொதல்ல பாக்க வேண்டியது, விஷயம் யார் கையில இருக்குங்கறது. விளையாட்டு மைதானத்துல ஊஞ்சல் சங்கிலி அறுந்திருக்கு, கிராசிங் லைட் எரியல, இதுக்கெல்லாம் எம்பி வேணாம். ஒன்சர்விஸ்ங்கற அரசாங்க புகார் ஆப்ல போட்டோ எடுத்து போட்டா சம்பந்தப்பட்ட இடத்துக்கு அதுவே போயிடும். இருக்கிற ரூல யாரும் மதிக்கலன்னா அது வேற கதை, ரூலையே மாத்தணும்னா அது இன்னும் வேற.

நடைபாதை விஷயத்தையே எடுத்துக்குங்க. இ-ஸ்கூட்டருக்கு 2019 நவம்பர்லேர்ந்து நடைபாதையில தடை, அதனால அது வந்தா நீங்க கேக்க வேண்டியது நடவடிக்கை. சாதா சைக்கிளுக்கு அனுமதி உண்டு, மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது, அவ்வளவுதான். சைக்கிளே வரக்கூடாதுன்னு நீங்க நெனச்சா அது கம்ப்ளைண்ட் இல்ல, சட்டத்த மாத்தச் சொல்றீங்க. சைல்டு சீட்டும் அப்படித்தான், 1.35 மீட்டருக்குக் கீழ உயரம் இருக்கிற புள்ளைக்கு கட்டாயம், ஆனா டாக்சிக்கு விலக்கு, கிராப் மாதிரி ஆப்ல கூப்பிடற பிரைவேட் ஹயர் காருக்கு விலக்கு இல்ல. டாக்சி அங்கிள்கிட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல லா.

சரி, மக்கள் சந்திப்பு, அதாவது எம்பி தொகுதி மக்கள நேர்ல பாத்து குறை கேக்கற கூட்டம். பல தொகுதியில திங்கக்கிழமை ராத்திரி நடக்கும், சில இடத்துல வேற நாளு, அதனால போறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க. வாய்ட் டெக்லயோ (பிளாக்குக்குக் கீழ இருக்கற திறந்த இடம்) பாலர் பள்ளி ரூம்லயோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பாங்க, நம்பர் வாங்கிட்டு உக்காரணும், கூப்பிட்டதும் ஒரு தொண்டூழியர் லேப்டாப்ப வச்சுக்கிட்டு நீங்க சொல்றத கடிதமா அடிப்பாரு, அப்புறம்தான் எம்பி. இங்கதான் முக்கியமான விஷயம் இருக்கு, அந்தத் தொண்டூழியர் வேலை முடிச்சிட்டு நேரா வந்தவரு, வெளிய இன்னும் கூட்டம் காத்துக்கிட்டிருக்கும், நீங்க அரை மணி நேரம் கதை சொன்னா அதுல ரெண்டு வரிதான் கடிதத்துல ஏறும். அதனால நீங்களே ஒரு பக்கத்துல எழுதி கொண்டு போங்க. எந்த பிளாக், எந்த ரோடு, எத்தன மணிக்கு, என்ன ஆகுது, நீங்க கேக்கற ஒரே ஒரு விஷயம் என்ன. "பாதுகாப்ப உறுதி செய்யணும்"னு எழுதாதீங்க, "இந்த இடத்துல ஸ்கூல் விடற நேரத்துல வேகத்த கொறைக்க ஏற்பாடு வேணும்"னு எழுதுங்க. போட்டோ வச்சா நல்லது, ஆனா அடுத்த வீட்டுப் புள்ளைங்க மூஞ்சி தெரியக்கூடாது. தமிழ்ல பேசலாம், பேப்பர் மட்டும் இங்கிலீஷ்ல இருந்தா அப்படியே சேத்து அனுப்பிடுவாங்க.

நாடு முழுக்கப் பொருந்தற விஷயம்னா, எம்பிகிட்ட கடிதம் கேக்காதீங்க, நாடாளுமன்றத்துல கேள்வி கேக்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி நாடாளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட்ல தேடிப் பாருங்க, பாதி நேரம் யாராவது கேட்டு அமைச்சர் பதில் சொல்லியிருப்பாரு, அந்தப் பதில்லேர்ந்துதான் உங்க கேள்வி ஆரம்பிக்கணும். பட்ஜெட் பிப்ரவரியில வரும், அதத் தொடர்ந்து ஒவ்வொரு அமைச்சு செலவையும் விவாதிப்பாங்க, அதனால வருஷக் கடைசியிலயே பேசி வைக்கிறது புத்திசாலித்தனம். அரசாங்கத்தோட கருத்துக் கேட்பு அமைப்பான ரீச்ல பொதுமக்கள் கருத்து கேக்கறப்பவும் எழுதிப் போடுங்க.

ஒரேடியா பெருசா கேக்காம அடுத்த படிய கேளுங்க. பானத்துல சர்க்கரை, கொழுப்பு எவ்வளவுன்னு A-லேர்ந்து D வரைக்கும் காட்டற நியூட்ரி-கிரேட் லேபிள் 2022 டிசம்பர்ல பாக்கெட், டின் பானத்துக்கு வந்துச்சு, 2023 டிசம்பர்ல பபிள் டீ மாதிரி கடையில போட்டுக் கொடுக்கறதுக்கும் வந்துச்சு, இப்ப உப்பு, சாஸ், எண்ணெய், இன்ஸ்டன்ட் நூடுல்ஸுக்கு 2027 நடுவுல வர்றதா அறிவிச்சிருக்காங்க. இங்க மாற்றம் இப்படித்தான் நகரும்.

ஆன்லைன் பெட்டிஷன்ல ஆயிரம் பேர் கையெழுத்து போட்டாலும் அது நாடாளுமன்ற மனு ஆகாது, முறைப்படி எழுதி ஒரு எம்பி மூலமா தாக்கல் பண்ணணும். 2017ல கல்யாணம் ஆகாத ஒற்றைப் பெற்றோர் ஏழே பேர் வீடு விஷயமா போட்ட மனுவ அப்ப எம்பியா இருந்த லூயிஸ் இங் நாடாளுமன்றத்துல தாக்கல் பண்ணாரு. ஏழு பேர்தான், நாடாளுமன்றத்தோட பொதுமனு கமிட்டி எடுத்துப் பாத்துச்சு.

லைசென்ஸ் இல்லாம பதாகை பிடிச்சு நிக்கணும்னா ஹொங் லிம் பார்க்ல இருக்கற ஸ்பீக்கர்ஸ் கார்னர் மட்டும்தான், அதுவும் சிட்டிசன் பதிவு பண்ணி நடத்தணும், வெளிநாட்டுக்காரங்க கலந்துக்க முடியாது. மத்த இடத்துல லைசென்ஸ் இல்லாம ஒரே ஆளா நின்னாலும் கேஸ் ஆகும். இன்னொண்ணு, ஒரு புள்ளைக்கு இப்பவே அடி, உதை நடக்குதுன்னா இந்த வழியெல்லாம் வேணாம், வன்முறை உதவி எண் 1800-777-0000, உயிருக்கு ஆபத்துன்னா போலீஸ் 999.

கடிதம் போனதும் பதில் வர சில வாரம் ஆகும். "பரிசீலிக்கிறோம்"னு வந்தா முடிஞ்சிதுன்னு விட்டுடாதீங்க. காரணம் ஏதாவது சொல்லியிருப்பாங்க, உதாரணத்துக்கு அங்க வண்டி நடமாட்டம் கம்மின்னு சொன்னா, மூணு நாலு பேரன்ட்ஸ் சேந்து காலையில ஸ்கூல் நேரத்துல எண்ணிப் பாத்து தேதி போட்டு எழுதி, பழைய பதிலையும் கூட வச்சு அதே எம்பிகிட்ட திரும்பப் போங்க.