இ.எச்.சி. திட்டத்துக்கு உளவியல் அறிக்கை: ஆறு வாரத்தில் எழுதி முடிப்பது எப்படி

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் கல்வி உளவியல் குழுவில் சேர்பவரின் நாட்களை அதிகம் பிடித்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைக்குக் கல்வி, உடல்நலம், சமூகப் பராமரிப்பு மூன்றையும் சேர்த்த இ.எச்.சி. திட்டம் வேண்டுமா என்று கவுன்சில் மதிப்பிடும்போது எழுதித் தரவேண்டிய உளவியல் அறிக்கைதான் அது. 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், கல்வி உளவியலாளரிடம் கவுன்சில் அறிக்கை கேட்டே ஆகவேண்டும் என்கின்றன. அந்த அறிக்கையில் நீங்கள் பரிந்துரைக்கும் ஏற்பாடுகள் திட்டத்தின் எஃப் பிரிவில் ஏறுகின்றன. ஏறியபின், சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அவற்றைக் கிடைக்கச் செய்வது கவுன்சிலின் கடமை. “தேவைப்படும்போது ஆதரவு தரலாம்” என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி ஒன்றுமே கிடைக்காது. பள்ளி எதைச் செய்தாலும், செய்யாமலே விட்டாலும், திட்டத்தை நிறைவேற்றியதாகச் சொல்லிவிட முடியும்.

முதலில் கால அளவு. கோரிக்கை வந்து 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் முடிவு சொல்லவேண்டும். செய்வது என்றால் உங்களிடம் அறிக்கை கேட்பார்கள். கேட்ட நாளிலிருந்து உங்களுக்கு 6 வாரம். கோரிக்கை வந்த நாளிலிருந்து 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் வெளியாகவேண்டும். அதற்குமுன் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லப் பெற்றோருக்குக் குறைந்தது 15 நாள் தரவேண்டும். நீங்கள் இரண்டு வாரம் தாமதித்தால் பின்னால் வருகிற எல்லாமே நெருக்கப்படும், வரைவு எழுதும் அலுவலர் அவசரத்தில் உங்கள் வரிகளைச் சுருக்கிவிடுவார். ஜூலை முதல் வாரத்தில் கேட்பு வந்தால், பள்ளி மூடுவதற்குள் நேரில் பார்த்துவிடுங்கள். செப்டம்பர்வரை அந்தப் பிள்ளையை வகுப்பறையில் பார்க்க வழி இல்லை.

ஓர் அறிக்கைக்கு ஏறத்தாழ இரண்டு முழு வேலை நாள் ஒதுக்குங்கள்: கோப்பு படிக்கவும் தொலைபேசிக்கும் அரை நாள், பள்ளிக்கு அரை நாளுக்கு மேல், மீதி எழுத. பள்ளிக்குப் போன மறுநாளையே எழுதும் நாளாக நாட்குறிப்பில் பூட்டிவையுங்கள். பத்து நாள் கழித்து எழுத உட்கார்ந்தால் குறிப்பில் எழுதாத பாதி விஷயம் போயிருக்கும்.

முதல் வாரத்திலேயே சென்கோவுக்கும் பெற்றோருக்கும் பேசுங்கள். சென்கோ என்பவர் பள்ளியில் சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்கும் ஆசிரியர். அவரிடம் கேட்கவேண்டியவை: இதுவரை என்ன முயன்றார்கள், எத்தனை வாரம், வாரத்தில் எத்தனை முறை, முன்பு எந்த நிலை, பின்பு எந்த நிலை. “ஒரு குழுவில் சேர்த்தோம்” என்ற பதிலோடு நிற்காதீர்கள், அந்தக் குழு எத்தனை முறை உண்மையில் கூடியது என்று கேளுங்கள். கண் பரிசோதனை, காது பரிசோதனை எப்போது நடந்தது என்பதையும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டுவது மிகச் சாதாரணம். அது கவனக்குறைவு போலவும் சொல்வதைப் புரிந்துகொள்ளாதது போலவும் தெரியும். ஓராண்டுக்குள் வேறு யாராவது, குறிப்பாகத் தனியார் உளவியலாளர், ஏதேனும் அறிவாற்றல் சோதனை செய்தாரா என்பதும் முக்கியம். அதே சோதனையை மீண்டும் வைத்தால் பழக்கத்தால் மதிப்பெண் உயரும், உண்மையான தேவை மறைந்துபோகும். முன்பே போதுமான அறிக்கை இருந்து, அதை எழுதியவரும் கவுன்சிலும் பெற்றோரும் மூவரும் ஒப்புக்கொண்டால், புதிய அறிக்கையே தேவையில்லை.

பள்ளியில் முதலில் பிள்ளையைக் கவனியுங்கள், பேசுவது பிறகு. யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளையும் இயல்பாக இருக்காது. ஒரு பாட வேளை, ஓர் இடைவேளை, குறைந்தது இந்த இரண்டு. வகுப்பில் முகம் தெரிகிற ஓரத்தில் உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு, 30 விநாடிக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் பிள்ளை வேலையில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு குறி இடுங்கள். 40 குறிகள் வரும். அதே வகுப்பில் ஆசிரியர் “சராசரி” என்று காட்டும் இன்னொரு பிள்ளைக்கும் அதே நேரத்தில் குறி இடுங்கள். 40இல் 14 என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது, பக்கத்துப் பிள்ளை 33 என்னும்போதுதான் பொருள் வரும். பக்கத்துப் பிள்ளையும் 16தான் என்றால் பிரச்சினை பாடத்தில் அல்லது வகுப்பறையில் இருக்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: உதவி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டிருக்கும்போது பிள்ளை நன்றாகச் செய்வதைப் பார்த்து, “கவனம் நன்று” என்று எழுதிவிடுவது. என்ன ஆதரவு இருந்தபோது என்ன செய்தார் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். உதவி ஆசிரியர் எழுந்துபோன மூன்று நிமிடத்தில் நடந்ததுதான் பெரும்பாலும் அறிக்கையின் மிகப் பயனுள்ள பகுதி.

பிறகு பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள். போகவே பிடிக்காத ஒரு பள்ளியையும், போக ஆசைப்படும் ஒரு பள்ளியையும் வரையச் சொல்லி, அங்கே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அதன் சொற்களிலேயே எழுதிக்கொள்வது நல்ல வழி. பள்ளிக்கே வராமல் வீட்டில் அடைந்துகிடக்கும் பிள்ளைகளிடம் இது நேர்க் கேள்விகளைவிட அதிகம் வெளிக்கொணரும்.

சோதனை வைப்பதா என்பதை உங்கள் கேள்விதான் தீர்மானிக்கவேண்டும், பழக்கம் அல்ல. பிரிட்டிஷ் அபிலிட்டி ஸ்கேல்ஸ் என்ற அறிவாற்றல் சோதனையின் மூன்றாம் பதிப்பு 3 வயது முதல் 17 வயது 11 மாதம் வரைக்குமானது. சிறுவருக்கான வெக்ஸ்லர் அறிவாற்றல் சோதனையின் ஐந்தாம் பதிப்பு 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரைக்குமானது. இரண்டிலும் மொத்த மதிப்பெண்ணின் சராசரி 100, மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு பரவுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 15. வைத்தால் மதிப்பெண்ணைத் தனி எண்ணாகத் தராதீர்கள், 95 சதவீத நம்பிக்கை எல்லையோடு, அதாவது உண்மையான மதிப்பெண் இருக்கக்கூடிய வரம்போடு, தாருங்கள். சதமானத்தையும் விளக்குங்கள். 78 என்ற மதிப்பெண் 7ஆம் சதமானம்: அதே வயதுள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேர் இந்த அளவிலோ இதற்குக் கீழோ இருப்பார்கள். இதை விளக்காமல் விட்டால், பிள்ளை பரீட்சையில் நூற்றுக்கு ஏழு வாங்கியதாகப் பெற்றோர் படித்து உடைந்துபோவார்கள். தொடங்குமுன் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காலையில் சாப்பிட்டாரா, ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாட்டுக்கு மருந்து உண்டென்றால் இன்று எடுத்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாரோ, பிரெண்ட், ரெட்பிரிட்ஜ் போன்ற லண்டன் கவுன்சில்களில் தமிழ் பேசும் பிள்ளைகள் உங்கள் பட்டியலில் நிச்சயம் வருவார்கள். வீட்டு மொழி வேறாக இருப்பது மட்டுமே கற்றல் குறைபாடு ஆகாது என்று சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. சிக்கல் தமிழிலும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. வீட்டில் கதை சொல்கிறாரா, இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறாரா, தம்பி தங்கையரோடு ஒப்பிட்டால் எப்படி என்று தாயிடம் கேளுங்கள். சொல்வளச் சோதனையை அந்த இடத்திலேயே தமிழாக்கி வைத்தால், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து வகுத்த அட்டவணை செல்லாது. கிடைத்த பதில்களை விவரமாக எழுதலாம், மதிப்பெண்ணாக எழுதக்கூடாது. இன்னொன்று: தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது, ‘க’வும் அப்படியே. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆங்கிலத்தில் ‘b’, ‘p’ இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதினால், அதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு, எழுத்துக் குறைபாடு என்று முடிவுகட்டாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் தொழில்முறையாளராக இருக்கவேண்டும், அக்காவையோ பக்கத்து வீட்டு மாமாவையோ வைத்துக்கொள்ளக் கூடாது. குடும்பம் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, தமிழ்நாடா என்று முன்பே சொல்லி, அந்தப் பேச்சு பழகியவரைக் கேளுங்கள். சந்திப்புக்கு 10 நிமிடம் முன்னால் அவரோடு உட்கார்ந்து, சுருக்காமல், திருத்தாமல், பிள்ளை தடுமாறினால் தடுமாற்றத்தையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். பிள்ளையிடம் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று பெற்றோருக்கு ஒருபோதும் சொல்லாதீர்கள். தாய்க்கு நன்றாக வராத மொழியில் பேச்சைக் குறைத்துக்கொண்டால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் மெலியும்.

இனி எழுதுவது. முதலில் ஒரு தாளில் பக்கம் பக்கமாக மூன்று நெடுவரிசை போடுங்கள்: தேவை, எட்டவேண்டிய நிலை, ஏற்பாடு. திட்டத்தில் இவை பி, இ, எஃப் பிரிவுகளுக்குப் போகும். தேவைக்கு எதிரே ஏற்பாடு காலியாக இருந்தால் அந்தத் தேவையைக் கண்டுபிடித்ததே வீண். எட்டவேண்டிய நிலை என்பது பிள்ளையிடம் ஏற்படும் மாற்றம். “பேச்சுப் பயிற்சி பெறுவார்” என்பது ஏற்பாடு. “ஆறாம் ஆண்டு முடிவில், புரியாத கட்டளையைக் கேட்டால் பெரியவரிடம் தானாகவே மறுபடி கேட்பார்” என்பதே எட்டவேண்டிய நிலை.

ஏற்பாட்டு வரி ஒவ்வொன்றிலும் என்ன, யார், அவருக்கு என்ன பயிற்சி, எத்தனை முறை, எவ்வளவு நேரம், தனியாகவா குழுவாகவா, யார் எப்போது மீண்டும் பார்ப்பது என்பவை இருக்கவேண்டும். “வாசிப்புக்குக் கூடுதல் ஆதரவு” என்பதை இப்படி மாற்றுங்கள்: “பள்ளி நாள் ஒவ்வொன்றும் 10 நிமிடம், தனியாக, பிரிசிஷன் டீச்சிங் பயிற்சி பெற்ற உதவி ஆசிரியர் நடத்துவார். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட வாசிப்பில் சரியான சொற்களை எண்ணி வரைபடத்தில் குறிப்பார். வகுப்பாசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் பார்த்து அடுத்த சொற்களை முடிவுசெய்வார். உதவி ஆசிரியருக்குத் தொடக்கத்தில் 2 மணி நேரப் பயிற்சியும் பருவத்துக்கு ஒருமுறை 1 மணி நேர மேற்பார்வையும் தரப்படும்.” “வாய்ப்பு அமையும்போது”, “அணுக முடியும்”, “அவ்வப்போது”, “பயன்பெறக்கூடும்” ஆகியவற்றை முடித்தபின் தேடி அழியுங்கள்.

மேலிடத்திலிருந்து மணி நேரம் எழுதவேண்டாம் என்ற பேச்சு வரலாம். பணம் குறைவு என்பது உண்மை, குழுவில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் 2015இன் சிறப்புக் கல்வி நடைமுறைத் தொகுப்பு, 9.51ஆம் பத்தியில், பிள்ளைக்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று நிபுணர் கருத்துச் சொல்லலாம் என்றும், அதைத் தடுக்கும் பொத்தாம்பொதுவான கொள்கையைக் கவுன்சில் வைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 9.69ஆம் பத்தி, ஏற்பாடு விவரமாகவும் திட்டவட்டமாகவும், வழக்கமாக அளவு குறிப்பிட்டும் இருக்கவேண்டும் என்கிறது. இந்த இரண்டு எண்களையும் மேற்பார்வைக் கூட்டத்துக்கு எடுத்துச்செல்லுங்கள். 9.51ஆம் பத்தி உங்களையும் கட்டுகிறது: உங்கள் நிபுணத்துவத்துக்கு உட்பட்டதை மட்டும் எழுதுங்கள். பேச்சு சிகிச்சையின் அளவைப் பேச்சு சிகிச்சையாளரே எழுதட்டும். பள்ளியின் பெயரைப் பரிந்துரைக்காதீர்கள், எப்படிப்பட்ட சூழல் வேண்டும் என்பதோடு நில்லுங்கள்.

அனுப்புமுன் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து முக்கிய வரிகளைச் சொல்லுங்கள். தங்கள் பிள்ளையைப் பற்றி முதன்முறையாக ஒரு பி.டி.எஃப். கோப்பில் தெரிந்துகொள்ள எந்தப் பெற்றோரையும் விடக்கூடாது. பிறந்த தேதி, பள்ளி, வகுப்பைச் சரிபாருங்கள். பழைய அறிக்கையின் மேல் எழுதினால் வேறொரு பிள்ளையின் பெயர் எங்காவது தங்கிவிடும். அது தகவல் பாதுகாப்பு மீறல், வெறும் தட்டச்சுப் பிழை என்று கடந்துவிட முடியாது. ஆகவே வெற்றுப் படிவத்திலிருந்தே தொடங்குங்கள்.

சோதனைத் தாள்களையும் 40 குறிகள் இட்ட பக்கத்தையும் கோப்பில் சேருங்கள். பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போனால் பல மாதம் கழித்து உங்களிடம்தான் கேள்வி வரும். திட்டம் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரவேண்டும், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு உங்களுக்குத் தானாக அழைப்பு வராது. சிக்கலான பிள்ளை என்றால், அறிக்கை அனுப்பும் நாளிலேயே சென்கோவிடம் தேதி கேட்டு நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்.