கோத்தகிரியில் இருந்துகொண்டு கில்கென்னி இன்டர்மீடியட் ஹர்லிங் பார்ப்பது எப்படி?

மகள் அயர்லாந்தில் நர்ஸ், பேரன் வீடியோ காலில் அயர்லாந்தின் கட்டை-பந்து விளையாட்டான ஹர்லிங்குக்கு உரிய ஹர்லி கட்டையைத் தூக்கிக் காட்டுகிறான், தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படிப்பட்ட வீடுகள் நம்ம மலையில் இப்போது சில உண்டு, எங்கள் வீடும் அதில் சேர்த்தி. நான் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் என்பதால் மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் என்னிடம்தான் ரூல் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், சீனியர் ஆட்டங்களை விட்டுவிட்டு இன்டர்மீடியட்டைப் பிடியுங்கள். கவுன்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. கில்கென்னி கவுன்டியில் ஊர்க் கிளப்புகளைத் தரம் பார்த்துத்தான் தட்டுத் தட்டாகப் பிரிப்பார்கள், வயசு பார்த்து அல்ல; சீனியருக்கு அடுத்த தட்டு அது. மொத்தம் 12 அணிகள். ஜெயிக்கிற அணி அடுத்த வருஷம் சீனியருக்கு ஏறும், கடைசியில் தோற்று நிற்கிற அணி ஜூனியருக்கு இறங்கும். மேலே ஏறும் ஆசையும் கீழே விழும் பயமும் ஒரே போட்டிக்குள் இருப்பதால் சப்பையான ஆட்டம் குறைவு. சந்தேகம் இருந்தால் தாமஸ்டவுன் கிளப்பின் கதையைப் பாருங்கள். 2023இல் கில்கென்னி இன்டர்மீடியட்டை ஜெயித்தார்கள். 2024 ஜனவரியில் டப்ளின் குரோக் பார்க்கில் கார்க் கவுன்டியின் காசில்லயன்ஸை வீழ்த்தி அகில அயர்லாந்து இன்டர்மீடியட் கிளப் பட்டம். சீனியருக்கு ஏறிய அதே வருஷம் அக்டோபரில் கில்கென்னி சீனியர் கோப்பையும் அவர்களுக்கே! 1946க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

கிளப் என்றதும் ஐபிஎல் மாதிரி ஏலம் நினைக்க வேண்டாம். சம்பளம் கிடையாது. நம்ம மலைக் கிராமங்களான ஹட்டிகளில் அந்தந்த ஹட்டிப் பையன்தான் அந்த ஹட்டி டீமில் ஆடுவான் இல்லையா, அதே போல அங்கே சர்ச் பங்கு எல்லைதான் கிளப்பின் எல்லை. காலையில் பால் கறந்தவனும் ஸ்கூல் வாத்தியாரும் சாயங்காலம் ஒரே ஜெர்சியில் நிற்பார்கள். கில்கென்னி கவுன்டி அணிக்கே ஆடுகிற பெரிய ஆளும் தன் ஊர் கிளப்புக்குத்தான் திரும்பி வர வேண்டும். இன்டர்மீடியட் ஆட்டத்தில் அப்படி ஒருவன் இருந்தால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும், பந்து அவனைத் தேடிப் போகும்.

இனி ஸ்கோர். நம்ம ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான், பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கோல் கம்பம் ஹெச் எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. மேலே இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் ஒரு புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி. வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று ஆட்டுவார். ஸ்கோரை 2-14 என்று எழுதுவார்கள், அதாவது இரண்டு கோல், பதினான்கு புள்ளி. எதிரணி 1-18 என்றால் யார் முன்னால்? இரண்டு கோல் போட்டவன் என்று சொல்லத் தோன்றும். மூன்றால் பெருக்குங்கள்: 20க்கு 21, ஒரு கோல் போட்டவன்தான் முன்னால். கமென்டரியில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார்கள், நமக்காக யாரும் கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு பக்கம் 15 பேர். கிளப் ஆட்டம் அரை மணியாக இரண்டு பாதி. கவுன்டிக்குக் கவுன்டி மோதும் சீனியர் ஆட்டம் 70 நிமிஷம், இரண்டையும் குழப்பிக்கொண்டு சீக்கிரம் விசில் ஊதிவிட்டார் என்று ரெஃப்ரியைத் திட்ட வேண்டாம். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், ஃபுட்பால் கிரவுண்டைவிடப் பெரிது. பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது. தரையில் கிடக்கிற பந்தைக் கையால் பொறுக்கவும் கூடாது, கட்டையாலோ காலாலோதான் எழுப்ப வேண்டும். மண்டை உடைந்துவிடுமே என்று பாட்டிமார் பயப்படுவார்கள். முகக்கம்பி வைத்த ஹெல்மெட் 2010 முதல் எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லுங்கள். விரல் நசுங்குவதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

கவுன்டி அணிகளின் சீசன் ஜூலையில் முடிந்ததும் கிளப் சீசன் சூடு பிடிக்கும். கில்கென்னியில் 12 அணிகளை ஆறு ஆறாகப் பிரித்து முதலில் லீக், பிறகு நாக்அவுட். நாக்அவுட் முதல் சுற்றில் தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது, கீழே இறங்காமல் தப்பிக்கத் தங்களுக்குள் மோத வேண்டும். ஃபைனலைவிட அந்த ஆட்டத்தைத்தான் நான் விரும்பிக் கேட்பேன்.

நேரக் கணக்கு: அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி வித்தியாசம். அங்கே சனிக்கிழமை மாலை 4 என்றால் இங்கே இரவு எட்டரை. கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்குப் பிறகு ஐந்தரை மணி. கில்கென்னியில் ஜெயித்த அணி அடுத்து ஆடும் லெய்ன்ஸ்டர் மாகாண ஆட்டங்கள் அந்தக் குளிர்மாதங்களில்தான் வரும். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினால் நமக்கு இரவு ஏழு.

காசு கட்டிப் பார்க்கும் வீடியோ உண்டு. ஆனால் ஐப்பசி மழையில் நம்ம ஊர் நெட்டை நம்பிக் கார்டைத் தேய்க்காதீர்கள். கே.சி.எல்.ஆர். என்ற கில்கென்னி வானொலி நெட்டில் வரும், சிக்னல் மெலிந்தாலும் ஓரளவு ஓடும். உச்சரிப்பு பழக ரெண்டு மூணு ஆட்டம் பிடிக்கும். அதுவரை எண்களை மட்டும் காதில் வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் போன் போடுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஜெயித்தால் உடனே கூப்பிடலாம், தெருவே கத்திக்கொண்டிருக்கும், நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது, பரவாயில்லை. கிளப் ஜூனியருக்கு இறங்கிவிட்டது என்றால் அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். திங்கட்கிழமை கூப்பிட்டு, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேரன் தானாக எடுத்தால் பேசலாம்.