புதுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா? தோட்டப்புறத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கி உரிமம் எடுத்தவர்களில் பலர், துப்பாக்கி கைக்கு வந்த அன்றே யூடியூபைத் திறந்துவிடுகிறார்கள். அதில் ஓர் அமெரிக்கர் மேசை போட்டு உட்கார்ந்து, தராசில் வெடிமருந்தை நிறுத்து, தன் ரைஃபிளுக்குத் தானே தோட்டா கட்டிக்கொண்டிருப்பார். நூறு கஜத்தில் சுட்ட மூன்று ஓட்டைகளும் ஒரு காசுக்குள் அடங்கியிருக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கையில் இருப்பது உள்ளே வரி வெட்டிய குழல். நம் ஊரில் தனியாருக்குப் பெரும்பாலும் கிடைப்பது வழுவழுப்பான குழல் கொண்ட, ஒரே தோட்டாவிலிருந்து பல ஈயக் குண்டுகளைப் பரவ விடும் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) ஷாட்கன், அதிலும் நடுவில் ஒடித்துத் திறக்கும் செனாப்பாங் பாத்தா. அந்த வீடியோக்களில் வரும் கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது.

வீட்டில் தோட்டா கட்டும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடுமையான குற்றம். சுட்டு முடித்த காலிக் கூட்டில் மீண்டும் மருந்தும் ஈயமும் அடைப்பதும் தயாரிப்புதான். ‘பழைய கூடுதானே, விளையாட்டுக்கு’ என்ற பேச்செல்லாம் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) எடுபடாது. 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்ததும் இதே சுங்கை சிப்புட்டில்தான். அந்தக் காலத்தில் அனுமதியில்லாத ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. துப்பாக்கி விஷயத்தில் நம் நாட்டின் கண்டிப்புக்கு அவ்வளவு பழைய வேர் உண்டு. கூட்டாளியிடம் நாலு தோட்டா கைமாற்று வாங்குவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டாக் கணக்கு உரிமத்தோடு கட்டுப்பட்டது, உப்பு புளி மாதிரி பக்கத்து வீட்டில் வாங்க முடியாது.

ஆகவே கடையில் கிடைப்பதில் நம் குழலுக்கு ஒத்துப்போவதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கோப்பிக் கடையில் கேள்வி வேறு மாதிரி வரும்: “அண்ணே, எந்தப் பிராண்டு நல்லது?” அண்ணனும் தன் துப்பாக்கிக்கு ஒத்துவந்த பிராண்டைச் சொல்லிவிடுவார். தம்பி ஒரு வருடத்துக்கு அனுமதித்த எண்ணிக்கையில் பாதியை அதிலேயே முடித்துவிடுவார். ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கி இரண்டை எடுத்து ஒரே பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுட்டாலும் குண்டுகள் ஒரே மாதிரி பரவுவதில்லை. பிராண்டைக் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் துப்பாக்கியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை.

துப்பாக்கியை ஒடித்துத் திறந்து, காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குழலின் பின்பகுதியில் அடிப்பக்கமோ பக்கவாட்டிலோ பாருங்கள். பொடி எழுத்தில் 12/70 அல்லது 12/76 என்று வெட்டியிருக்கும். சிலவற்றில் அங்குலக் கணக்கில் 2¾ அல்லது 3 என்றிருக்கும். இது தோட்டா உட்காரும் அறையின் நீளம். 70 மில்லிமீட்டர் அறைக்குள் 76 மில்லிமீட்டர் தோட்டாவைப் போட்டால் இடறாமல் உள்ளே போய்விடும், துப்பாக்கியும் ஒழுங்காக மூடிக்கொள்ளும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாகத் தெரியும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகுது, அப்ப சரிதான்’ என்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 12/76 என்று எழுதிய துப்பாக்கியில் 70 போடலாம், தலைகீழாகக் கூடாது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அளவில் சிறிய 20 போர் தோட்டா ஒன்று 12 போர் துப்பாக்கிக்குள் போனால், அறையைத் தாண்டி நழுவிக் குழலின் தொண்டையில் நின்றுவிடும். பின்னால் பார்த்தால் அறை காலி. ‘போடவே இல்லையோ’ என்று இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாக் கூட்டுக்கு மஞ்சள் நிறம் என்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு அளவுத் துப்பாக்கியும் இருக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

அடுத்தது பெட்டி மேல் இருக்கும் நம்பர். ஈயக் குண்டின் அளவைக் குறிக்கும் இந்த நம்பர் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டிஷ் 5ஆம் நம்பர் குண்டு சுமார் 2.8 மில்லிமீட்டர். அமெரிக்கப் பெட்டியில் அதே பருமன் 6 என்று எழுதியிருக்கும். பெரிய குண்டிலும் இதே குழப்பம். பிரிட்டிஷ் கணக்கில் எஸ்ஜி என்றால் ஓர் அவுன்ஸுக்கு 8 குண்டு, எல்ஜி என்றால் 6. அமெரிக்க இரட்டைப் பூஜ்யம் கிட்டத்தட்ட எஸ்ஜி பருமன், சுமார் 8.4 மில்லிமீட்டர், 70 நீளத் தோட்டாவில் வழக்கமாக 9 குண்டு. முன்பு நல்ல பலன் தந்த நம்பரை வேறு நாட்டுப் பெட்டியில் தேடி வாங்குபவர், தெரியாமலே வேறு குண்டை வாங்கிவிடுகிறார். மில்லிமீட்டர் அளவைக் கேட்டு வாங்குங்கள். பறவைக்கு உரிய பொடிக் குண்டைப் பன்றிக்குப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண் பன்றியின் தோளில் இருக்கும் தடித்த தோலை அது தாண்டாது, காயம் மட்டும்தான் மிஞ்சும். காயம்பட்ட பன்றி ஓடுவது செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் நிற்கும் நிரைக்குள்தான்.

இனி முக்கியமான தவறுக்கு வருவோம். பலர் தகர டின்னை வைத்துச் சுடுவார்கள், டின் பறக்கும், துப்பாக்கி அருமை என்பார்கள். எத்தனை குண்டு பட்டது, எத்தனை தள்ளிப் போனது என்று டின் சொல்லாது. புத்தகக் கடையில் மாஜோங் பேப்பர் கிடைக்கும், பள்ளிக்கூடத்துச் சார்ட்டுக்கு வாங்குவோமே, அதேதான். இரண்டு தாளை ஒட்டிக்கொண்டு, அனுமதி உள்ள சுடுதளத்துக்குப் போங்கள். நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. அதைக் குறிவைத்து ஒரு தாளுக்கு ஒரே ஒரு தோட்டா. பிறகு குண்டுகள் நெருக்கமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் போடுங்கள். பொட்டை மையமாக வைத்து வட்டம் போடுகிறவர்கள் உண்டு, அப்படிப் போட்டால் இரண்டு விஷயம் கலந்துவிடும். பரவல் எப்படி என்பது ஒன்று. குறிவைத்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது இன்னொன்று. பரவல் நன்றாக இருந்தும் மொத்தமும் ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தால் தோட்டாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் துப்பாக்கியின் பின்கட்டை உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் ஒத்து உட்காரவில்லை என்று அர்த்தம்.

பொடிக் குண்டுக்குப் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. 40 கஜத்தில், அதாவது சுமார் 37 மீட்டரில், அந்த 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் குழல் 70 சதவீதக் குண்டுகளையும், மாடிஃபைட் 60, இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 50, சோக்கே இல்லாத குழல் 40 சதவீதத்தையும் விழ வைக்க வேண்டும். சோக் என்பது குழல் வாயில் இருக்கும் மெல்லிய இறுக்கம், 12 போரில் ஃபுல் என்றால்கூட ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். எஸ்ஜிக்கு இந்தச் சதவீதக் கணக்கு சரிவராது, மொத்தமே எட்டு ஒன்பது குண்டு. அதற்கு வேறு சோதனை: சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், முதலில் 15 மீட்டர், பிறகு 20, 25, 30. பாதிக்கு மேல் தட்டுக்கு வெளியே போகத் தொடங்கும் தூரம்தான் அந்தத் தோட்டாவோடு உங்கள் துப்பாக்கிக்கு எல்லை. அது 22 மீட்டராக இருந்தால் 22 மீட்டர்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, இறுக்கமான சோக்கில் பெரிய குண்டு நெருக்கமாக விழும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். பல குழல்களில் நேர்மாறு. ஃபுல் சோக்கில் நசுங்கித் திசை மாறுகிற பெரிய குண்டு, மாடிஃபைட்டில் ஒழுங்காகப் போவதுண்டு. சுட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஒரு தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறு, ஐந்து பிராண்டில் ஒவ்வொன்று சுடுவதும் தவறு. எண்ணிக்கை குறைவாக இருப்பவருக்கு இரண்டு வகை, தலா மூன்று தாள் போதும். மூன்றில் மோசமான தாளை வைத்து முடிவு செய்யுங்கள். நல்ல தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, மோசமானதைச் சுருட்டி எறிகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்லக் எனப்படும் ஒற்றைக் குண்டைப் பற்றிச் சுருக்கமாக. பிரென்னெக்கே வகை 1898இல் ஜெர்மனியில் வந்தது, ஃபாஸ்டர் வகை அமெரிக்காவில் 1930களின் தொடக்கத்தில். இரண்டும் வழுவழுப்பான குழலுக்கு ஏற்றவை. பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சாபோட் வகை வரி வெட்டிய குழலுக்கானது. விலை கூடுதலாக இருப்பதால் ‘உசத்தி’ என்று நம்பி அதை நம் துப்பாக்கியில் போட்டால் சுழல வழியில்லாமல் தள்ளாடித்தான் போகும். செம்பனைக் காடு பெரும்பாலும் சமதளம். தவறிய ஸ்லக்கும் எஸ்ஜியும் பல நூறு மீட்டர் போகும். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவ வருபவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பார்கள். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் ஸ்லக் வேண்டாம் என்பது என் கருத்து. போலீஸ் உரிமம் கையில் இருப்பதால் பன்றி சுடலாம் என்றும் ஆகிவிடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தனியாக வேண்டும்.

பாதுகாத்து வைப்பதில் நம் ஊர் ஈரம்தான் எதிரி. பித்தளை அடியில் பச்சை பூத்த தோட்டா, உப்பிய பழைய காகிதக் கூடு இரண்டையும் ஒதுக்குங்கள், கடையிலோ போலீஸிலோ ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். துரு வராது என்று தோட்டா மேல் டபிள்யூடி-40 அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் ஊறினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவைத்தால் மருந்தின் குணம் மாறும். நாள்கணக்கில் சும்மா கிடந்த துப்பாக்கியை எடுத்தால், போடும் முன் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்ட அதைவிட வசதியான பொந்து கிடையாது.

தாள்களை மடித்து வையுங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் தூரம், சோக், குண்டின் மில்லிமீட்டர், பெட்டியில் அச்சடித்த லாட் நம்பர் நான்கையும் எழுதுங்கள். அதே பெயர், அதே நிறப் பெட்டியில் லாட் நம்பர் மாறியிருந்தால் உள்ளே மருந்தோ, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் வாட் எனப்படும் அடைப்போ மாறியிருக்கலாம். அப்போது ஒரே ஒரு தோட்டாவை மட்டும் பழைய தூரத்தில் தாளில் சுட்டு, பழைய தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் அந்தப் பெட்டியைத் தொடரலாம்.